டிஎம்சி பக்கத்துல லிட்டரும் போடுங்க சார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். மழை சீசன் வந்துட்டா காலைல காபியோட நான் முதல்ல தேடுறது உங்க பேப்பர்ல வர்ற ஏரி நிலவரம் தான். புழல் கொள்ளளவு 3,300 மில்லியன் கனஅடி, செம்பரம்பாக்கம் 3,645னு இருக்கும். ஆனா சென்னைக்கு தினமும் எவ்ளோ சப்ளைனு போடறப்ப மட்டும் மில்லியன் லிட்டர். ஏரித் தண்ணி எத்தனை நாளைக்கு வரும்னு ஒரு சாதாரண ஆள் எப்படி சார் கணக்கு போடறது?

ஆறாவது படிக்கிற என் பொண்ணு தான் மாட்டி விட்டா, "அப்பா கனஅடின்னா எத்தனை லிட்டர்"னு கேட்டா, முழிச்சேன். அப்புறம் ரெண்டு பேரும் ஸ்கேல் வச்சு அட்டைய வெட்டி எல்லா பக்கமும் 10 சென்டிமீட்டர் வர்ற மாதிரி ஒரு பெட்டி ஒட்டுனோம், உள்ள பாலித்தீன் கவர் போட்டு பால் பாக்கெட் அளவுல அரை லிட்டர் அரை லிட்டரா ரெண்டு தடவை தண்ணி ஊத்துனா விளிம்பு வரைக்கும் வந்து நின்னுச்சு (அட்டை வயிறு தள்ளி சமையல்கட்டு பூரா ஈரம், திட்டு எனக்கு). அதே பெட்டி எல்லா பக்கமும் ஒரு மீட்டர்னா 1,000 லிட்டர், அதாவது மாடில நிக்கற ஒரு சின்டெக்ஸ் டேங்க். ஒரு அடி பெட்டின்னா தான் 28.3 லிட்டர்னு ஒட்டாத நம்பர் வருது. சுமாரா ரெண்டு குடம்னு வச்சுக்கலாம்.

இப்ப டிஎம்சிக்கு வாங்க. ஆயிரம் மில்லியன் கனஅடி, அதாவது நூறு கோடி கனஅடி, கிட்டத்தட்ட 2,832 கோடி லிட்டர். சென்னைக்கு தினமும் சுமார் 100 கோடி லிட்டர்னா 1 டிஎம்சி 28 நாளைக்கு. புழல் முழுசா நிரம்புனா ஆவியாகறத விட்டுட்டு பாத்தா மூணு மாசம். மேட்டூர்ல வினாடிக்கு 11,574 கனஅடி ஒரு நாள் பூரா வந்தா 1 டிஎம்சி ஏறும். இவ்ளோ தான் விஷயம், ஆனா இத யாரும் சொல்ல மாட்டேங்கறீங்களே.

மெட்ரிக் முறைக்கு 1956லயே சட்டம் வந்துடுச்சு, எங்க பாட்டி கூட படி, ஆழாக்க விட்டுட்டு லிட்டருக்கு வந்தாங்க, அணை மட்டும் இன்னும் அடில நிக்குது. அதிகாரிங்க குடுக்கறத நீங்க மாத்த வேணாம், பக்கத்துல ஒரு அடைப்புக்குறில லிட்டர போட்டா போதும்.

மழை அளவும் அப்படியே தான். 1 மில்லிமீட்டர் மழைன்னா ஒரு சதுர மீட்டர்ல 1 லிட்டர். எங்க மாடி 600 சதுர அடி (பாருங்க, நானே அடில தான் சொல்றேன்), அதாவது 56 சதுர மீட்டர், 5 சென்டிமீட்டர் மழைக்கு 2,800 லிட்டர் விழும். மழைநீர் பைப் உடைஞ்சு அதுல பாதி இப்ப தெருவுக்கு தான் போகுது, பிளம்பர் ஞாயித்துக்கிழமை வர்றேன்னிருக்கார்.

– ஒரு வாசகர், கொளத்தூர், சென்னை