கோடு போடும் முன் படகுத்துறைக்கு வாருங்கள்

மீன்வளத் துறை அதிகாரிகளுக்கு, வணக்கம்.

நான் கெடா மாநிலத்துப் பீடோங்கில் இருக்கிறேன். மீனவன் அல்ல, பால்மரத் தோட்டத்தில் பிறந்தவன். ஆனால் எங்கள் வீட்டு நெத்திலியும் கருவாடும் தஞ்சோங் டாவாய் என்ற மீனவ ஊரிலிருந்துதான் வரும். அம்மா அங்கே ஒரு பாக்சிக்கிடம், அதாவது மலாய்க்கார மீனவப் பெரியவரிடம், வாங்குவார்; நான் இப்போது அவருடைய மகனிடம் வாங்குகிறேன். சென்ற மாதம் அவர் கேட்டார்: "இன்னும் எந்தெந்தக் கடலைப் பூங்காவாக்கப் போகிறார்களாம்?" எனக்குப் பதில் தெரியவில்லை. அதனால்தான் இந்த மடல்.

கடல் பூங்கா, அதாவது கடலில் எல்லை வகுத்து மீனையும் பவளத்தையும் காக்கும் பகுதி, வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. எங்கள் கெடாவின் பாயார் தீவைச் சுற்றி 2 கடல் மைலுக்கு மீன்பிடிக்கத் தடை இருக்கிறது. பவளப்பாறையில் பெருகும் மீன் எல்லை தாண்டி வெளியே வரும், அதுவே நாளைக்கு வலையில் விழும். இது பாக்சிக்கின் மகனுக்கும் தெரியும். ஆனால் அந்தப் பலன் வரச் சில ஆண்டுகள் ஆகும், வீட்டுக்கு அரிசி தினமும் வேண்டும். பெரிய படகு வேறு இடம் தேடிப் போய்விடும். சின்னப் படகுக்காரர் எங்கே போவார்? தூரம் கூடினால் எண்ணெய்ச் செலவு கூடும். காற்று எழும்பினால் உயிருக்கே ஆபத்து. தூண்டில்காரரை வெளியே நிறுத்திவிட்டுச் சுற்றுலாப் படகை மட்டும் உள்ளே விட்டால் யாருக்குத்தான் மனம் ஒப்பும்?

2030-க்குள் உலகின் நிலத்திலும் கடலிலும் 30 விழுக்காட்டைப் பாதுகாப்பது என்று 2022-இல் மொன்ட்ரியலில் நாடுகள் ஒப்புக்கொண்டன. மலேசியாவும் அதில் உண்டு. அப்படியென்றால் கடலில் இன்னும் எல்லைக் கோடுகள் வரும்.

கோடு போடுவது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். எங்கள் தோட்டத்தை விற்றபோது வரைபடம் முதலில் வந்தது, எங்களிடம் பேச ஆள் அப்புறம்தான் வந்தார். எங்கள் லய வீட்டுக்குப் பின்னால் அம்மா போட்டிருந்த கீரைப் பாத்தி அந்தப் படத்தில் இல்லவே இல்லை. தாமான் குடியிருப்பில் வீடு கிடைத்தது, சரி. ஆனால் கீரையைக் காசு கொடுத்து வாங்குகிறோமே என்று அம்மா கடைசிவரை ஆற்றாமைப்பட்டார். அந்தப் பாத்தியை யாரும் கணக்கில் எடுக்கவில்லை, அவ்வளவுதான்.

சபாவில் துன் முஸ்தபா பூங்காவை அமைக்கும் திட்டம் 2003-இல் தொடங்கியது. 2016-இல்தான் அரசிதழில் வந்தது. ஏறக்குறைய 9 லட்சம் ஹெக்டர் கடல். 13 ஆண்டுகள் நீண்ட காலம்தான். ஆனால் அங்கே முழுத் தடை உள்ள பகுதியும் உண்டு, ஊர் மக்கள் மீன்பிடிக்கும் பகுதியும் உண்டு. அந்தப் பொறுமையைக் கெடாவிலும் காட்டுங்கள். எந்த மாதம் எங்கே வலை போடுகிறார்கள் என்று அவர்களையே வரைந்து காட்டச் சொல்லுங்கள். பூங்காக் கட்டணத்தில் ஒரு பங்கை அவர்களுக்கு ஒதுக்குங்கள். கரையோரம் வரை வந்து அரித்துப் போகும் இழுவைப் படகுகளை முதலில் தடுங்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் வாருங்கள். அன்று தொழுகை நாள், பாக்சிக்கின் மகன் கடலுக்குப் போவதில்லை. படகுத்துறையில் வலை பின்னிக்கொண்டிருப்பார்.

இப்படிக்கு,
பீடோங்வாசி ஒருவன்