காவல் புகார் ஆணையத்துக்குக் களத்தில் இறங்கும் வழக்கறிஞர்கள் தேவை

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போராட்டக் களத்தில் தடியடியோ துப்பாக்கிச் சூடோ நடந்தால், காவல்துறை மீதான புகார்களை விசாரிக்கச் சுதந்திரமான ஆணையம் வேண்டும் என்ற குரல் எழுகிறது. ஆணையத்துக்குத் தலைவர் யார் என்பதோடு அந்தப் பேச்சு நின்றும் விடுகிறது. தலைவருக்குக் கீழே யார் வேலை பார்ப்பார்கள், அவர்களை யார் நியமிப்பார்கள், சம்பவத்தன்று இரவே மருத்துவமனைக்கு யார் போவார்கள் என்று யாரும் கேட்பதில்லை. குற்றவியல் வழக்குகளை நடத்தும் எங்களுக்கு இதுதான் முதல் கேள்வியாகப் படுகிறது. அந்த வேலைக்கு வழக்கறிஞர்களையே நியமிக்க வேண்டும் என்கிறோம்.

காவல்துறைச் சீர்திருத்தம் கோரிய பிரகாஷ் சிங் வழக்கில் 22.9.2006 அன்று உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொன்னது: மாநில ஆணையத்துக்கு உயர் நீதிமன்றம் அல்லது உச்ச நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி தலைவர், மாவட்ட ஆணையத்துக்கு ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி. கள விசாரணைக்கு ஆணையம் தனக்கென ஆட்களை வைத்துக்கொள்ளலாம் என்பதும் அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. ஆனால் தமிழ்நாடு 2013-ல் இயற்றிய காவல்துறை சீர்திருத்தச் சட்டம், மாநிலத்தில் உள்துறைச் செயலரையும் மாவட்டத்தில் ஆட்சியரையும் தலைவராக்கி, டி.ஜி.பி.யையும் எஸ்.பி.யையும் உறுப்பினர்களாக்கியது. கூட்டத்தைக் கலைக்க உத்தரவிடும் நிர்வாகமே அந்த உத்தரவு சரியா என்று விசாரிப்பது எந்த வகையில் நியாயம்? கேரளத்தின் 2011 சட்டம் நீதிபதியைத் தலைவராக்கியது. அங்கும் மாவட்ட ஆணையத்தில் ஆட்சியரும் எஸ்.பி.யும் உறுப்பினர்கள்.

தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தின்போது 2018 மே 22-ல் துப்பாக்கிச் சூடு. 13 உயிர்கள் போயின. அதை விசாரிக்க ஓய்வுபெற்ற நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் அமைந்தது. அதன் இறுதி அறிக்கை 2022 மே மாதம் அரசிடம் வந்தது, அக்டோபரில் சட்டப்பேரவையில் வைக்கப்பட்டது. உழைப்பு பெரியது, மறுக்கவில்லை. ஆனால் 1952-ம் ஆண்டு விசாரணை ஆணையச் சட்டப்படி அறிக்கை அரசைக் கட்டுப்படுத்தாது. ஆணையத்தின் முன் ஒருவர் கொடுத்த வாக்குமூலத்தை, பொய்ச்சாட்சி வழக்கைத் தவிர வேறெதிலும் அவருக்கு எதிராகப் பயன்படுத்தவும் முடியாது. ஆக, குற்ற வழக்கு என்று வந்தால் சாட்சியத்தை மறுபடி முதலிலிருந்து திரட்ட வேண்டும். அதற்குள் ஆணையம் கலைந்து, பணியாளர்கள் அவரவர் துறைக்குத் திரும்பியிருப்பார்கள்.

சாட்சியம் அழிவது முதல் சில நாட்களில்தான். காயம்பட்டவர் அரசு மருத்துவமனைக்குப் போனதும் பணி மருத்துவர் விபத்துப் பதிவேட்டில் எழுதும் முதல் வரியை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டிலருகே காவலர் நிற்கும்போது "போலீஸ் அடித்தது" என்று சொல்ல யாருக்குத் துணிவு வரும்? "கீழே விழுந்ததாக" என்று பதிவாகிவிடும். மூன்று வருடம் கழித்துக் குறுக்கு விசாரணையில் அந்தப் பதிவேட்டின் நகல் (ஏ.ஆர். காப்பி) ஒன்றே வழக்கைச் சாய்த்துவிடும். உருண்டையான லத்தி பட்ட இடத்தில் இரண்டு இணைகோடுகளாகக் கன்றல் தெரியும், நடுவில் தோல் வெளிறியிருக்கும். விழுந்த காயம் அப்படி இருக்காது. ஆனால் அந்தத் தடம் சில நாட்களில் மங்கிவிடும். அதற்குள் பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படமெடுத்து, மருத்துவரிடம் காயக் குறிப்பு வாங்கிவிட வேண்டும்.

அதே நாளில் தெருவிலும் வேலை இருக்கிறது. கடைகளின் சி.சி.டி.வி. பதிவு, ஹார்ட் டிஸ்க்கின் அளவைப் பொறுத்து, பெரும்பாலும் 15 முதல் 30 நாளில் தானாகவே அழிந்துவிடும். காவல் நிலையக் கேமரா பதிவுகளைக் குறைந்தது ஓராண்டாவது வைத்திருக்க வேண்டும் என்று 2020-ல் பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. தெருக் கேமராவுக்கு அது பொருந்தாது. வாட்ஸ்அப்பில் வந்த வீடியோ சுருங்கி, எடுத்த நேரம் போன்ற விவரங்களை இழந்திருக்கும். எடுத்தவரின் கைபேசியிலிருந்தே பிரதி எடுத்து, ஹாஷ் மதிப்பை (கோப்பு மாறவில்லை என்று காட்டும் குறியீட்டை) குறித்து, மின்னணுச் சாட்சியத்துக்குப் புதிய சாட்சியச் சட்டத்தின் (பி.எஸ்.ஏ.) 63-ம் பிரிவு கேட்கும் சான்றிதழையும் அங்கேயே வாங்க வேண்டும். பிறகு வாங்கலாம் என்று விட்டால் ஆளையும் பிடிக்க முடியாது, கைபேசியும் மாறியிருக்கும். ஆயுதப் பதிவேடு, வயர்லெஸ் பதிவு, நிலையப் பொது நாட்குறிப்பு, கலைக்கச் சொன்ன நிர்வாக நடுவரின் உத்தரவு ஆகியவற்றைக் கேட்டு முதல் நாளே எழுத்தில் அறிவிப்பு போக வேண்டும். எந்த எண் துப்பாக்கி யாரிடம் போனது, எத்தனை தோட்டா கொடுத்தார்கள், எத்தனை திரும்பியது என்ற மூன்றும் பொருந்தாத இடத்தில்தான் விசாரணை தொடங்குகிறது.

இதை மாநில மனித உரிமை ஆணையம் செய்யலாமே என்பார்கள். அதன் புலனாய்வுப் பிரிவே காவல் அதிகாரிகளைக் கொண்டது. 1993-ம் ஆண்டு மனித உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் அப்படித்தான் வகுத்திருக்கிறது. சம்பவம் நடந்து ஓராண்டு தாண்டினால் அது விசாரிக்கவும் முடியாது. வட அயர்லாந்தில் 2000 முதல் இயங்கும் காவல் குறைதீர்ப்பாளர் அலுவலகம் தனக்கென விசாரணையாளர்களை வைத்திருக்கிறது. நம்மாலும் முடியும்.

வழக்கறிஞர்தான் வேண்டும் என்று நாங்கள் வலியுறுத்தக் காரணம் உண்டு. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் (பி.என்.எஸ்.எஸ்.) 218-ம் பிரிவில், அரசு ஊழியர் மீது வழக்குத் தொடரக் கேட்ட அனுமதிக்கு 120 நாளில் பதில் வராவிட்டால் அனுமதி தந்ததாகவே கொள்ளலாம். கூட்டத்தைக் கலைத்த செயலைக் காக்கும் 151-ம் பிரிவிலும் வழக்குக்கு அனுமதி வேண்டும், ஆனால் அந்தச் சலுகை இல்லை. எனவே கூட்டத்தைக் கலைக்க அடித்தது எது, பிடித்து வேனில் ஏற்றிய பிறகும் வீடு புகுந்தும் அடித்தது எது என்று அறிக்கையிலேயே பிரித்து எழுத வேண்டும். எல்லாவற்றையும் சேர்த்து எழுதினால் 151-ம் பிரிவைக் காட்டி வழக்கையே முடக்கிவிடுவார்கள்.

இளம் வழக்கறிஞர்கள் இதில் வரத் தயங்குவதற்கும் நியாயமான காரணம் இருக்கிறது. முழுநேரச் சம்பள வேலைக்குப் போனால் பார் கவுன்சில் விதி 49-ன்படி தொழில் உரிமத்தை நிறுத்தி வைக்க வேண்டும். பின்னாளில் மாவட்ட நீதிபதித் தேர்வுக்கு வேண்டிய 7 ஆண்டு வழக்கறிஞர் அனுபவக் கணக்கில் அது உதைக்கும். அரசுக் குற்றவியல் வழக்கறிஞர்கள் நீதிமன்றத்தில் வாதாடுவதால் வழக்கறிஞர்களாகவே தொடர்கிறார்கள் என்று 2013-ல் தீபக் அகர்வால் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. புகார் ஆணையப் பணியையும் அதே அச்சில் வார்க்கலாம்: விசாரணை அறிக்கை எழுதுபவரே ஆணையத்திலும் மனித உரிமை நீதிமன்றத்திலும் வாதாட வேண்டும். 7 ஆண்டு ஆனதும், அந்த நீதிமன்றத்தின் சிறப்பு அரசு வழக்கறிஞராக 1993 சட்டமே வழி வைத்திருக்கிறது.

மாவட்டத்துக்கு இருவர் என்றால் 38 மாவட்டங்களுக்கும் 76 பணியிடங்கள். தேர்வு டி.என்.பி.எஸ்.சி. வழியாகவும் நிர்வாகக் கட்டுப்பாடு உயர் நீதிமன்றத்திடமும் இருக்கட்டும். உள்துறையின் கீழ் வைத்தால் சம்பளமும் இடமாற்றமும் அங்கிருந்தே வரும். முந்தைய மூன்று ஆண்டுகளில் காவல்துறைக்காக ஆஜரானவர்களை எடுக்கக் கூடாது. பணியை விட்டவர்கள் இரண்டு ஆண்டுகளுக்கு அந்தத் துறையின் வழக்குகளை ஏற்கக் கூடாது. ஆணையத்தின் தலைவர் பதவியைத் திருத்தும் மசோதா எப்போது வந்தாலும் இந்த விதிகளும் அதிலேயே இடம்பெற வேண்டும்.

இப்படிக்கு,
குற்றவியல் வழக்கறிஞர்கள் சிலர்,
மதுரை