மலை நூலகங்களுக்கு ஈரம்தான் எதிரி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உதகை நூலகங்களின் வரலாற்றைச் சொன்ன கட்டுரையில் பாதிக்கு மேல் நீலகிரி நூலகமே இடம்பிடித்துவிட்டது. 1859இல் தொடங்கியது, ராபர்ட் சிஷோம் வடிவமைத்த கட்டடம் எல்லாம் சரி. ஆனால் அது சந்தா கட்டுபவர்களின் நூலகம். யாரும் உள்ளே போய் உட்காரக்கூடிய நூலகங்கள் ஊர் ஊராகப் பரவ வழிவிட்டது 1948ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டம். சொத்துவரியோடு ரூபாய்க்கு 10 பைசா நூலக வரி இன்றும் கட்டுகிறோம். அதற்குக் கட்டுரையில் இரண்டே வரி!

அந்தக் காசில் வாங்கும் புத்தகம் மலையில் எத்தனை வருஷம் தாங்கும் என்ற கேள்வியும் எழவில்லை. காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காட்டுக்கு மேல் நாள்கணக்கில் நின்றால் பூஞ்சணம் கிளம்பிவிடும். முதலில் பிடிப்பது கிளாத் பைண்டிங்கின் முதுகில்; அங்குள்ள பசையும் கஞ்சியும் அதற்குத் தீனி. படப் புத்தகங்களின் வழவழப்பான ஆர்ட் பேப்பர் நனைந்து காய்ந்தால் பக்கங்கள் ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் படம் உரிந்து வரும். அந்துருண்டை பூச்சிக்குத்தான், பூஞ்சணத்துக்கு உதவாது.

காற்றோட்டத்துக்கு ஜன்னலைத் திறப்பது சமவெளிப் பழக்கம். ஆடி மாத மூடுபனியில் திறந்தால் ஈரம்தான் உள்ளே வரும். 12 டிகிரியில் 85 விழுக்காடு ஈரமுள்ள அறையை 18 டிகிரிக்குச் சூடாக்கினால் அளவு 58க்கு இறங்கும். மாலையில் ஹீட்டரை அணைத்துப் பூட்டினால் விடிவதற்குள் பழைய கதைதான். அதனால் இரவிலும் ஓடும் ஈரநீக்கிக் கருவி தேவை. அதிலும் சாதாரண கம்ப்ரஸர் வகை வாங்கினால் குளிரில் அதன் குளிரூட்டும் சுருளில் பனி உறைந்து மந்தமாகிவிடும். ஈரத்தை உறிஞ்சும் பொருள் வைத்த டெசிகன்ட் வகைதான் இங்கே தோது. தொட்டி நிரம்பினால் கருவி நின்றுவிடும் என்பதால் தண்ணீரைக் குழாய் வைத்து வெளியே விட வேண்டும்.

ரேக்கும் வெளிச்சுவரும் ஒட்டக் கூடாது, நான்கு அங்குலமாவது இடைவெளி வேண்டும். கீழ்த்தட்டு தரையிலிருந்து ஆறு அங்குலம் உயரட்டும். பூஞ்சணத்தை ஈரத்துணியால் துடைத்தால் இன்னும் பரவும். அந்தப் புத்தகத்தைத் தனியே எடுத்து உலரவைத்து, முகக்கவசம் போட்டுக்கொண்டு, வெளியில் வைத்து மெல்லிய பிரஷ்ஷால் தட்ட வேண்டும்.

ஈரப்பதமானி ஒன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. மாவட்ட நூலக ஆணைக்குழு கிளைக்கு ஒன்று கொடுத்து, காலையும் மாலையும் அளவைப் பதிவேட்டில் எழுதச் சொல்லட்டும். ஈரநீக்கிக் கருவி முதலில் கூடலூருக்கா, குன்னூருக்கா என்பது ஒரு மழைக்காலப் பதிவிலேயே தெரிந்துவிடும்.

ஓய்வுபெற்ற நூலகர்,
குன்னூர்.