திருகோணமலை மான்களுக்காக எடுக்கும் படத்துக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புள்ள ஊரவர்களுக்கு,

நகரத்துப் புள்ளிமான்கள் பொலித்தீன் தின்று சாவதைத் தடுக்க விடியப்புறம் தெருவில் இறங்கிக் குப்பை பிரிப்பவர்களைப் பற்றிய பத்து நிமிட ஆவணப்படத்தின் திட்டம் எழுதி முடிந்துவிட்டது. படப்பிடிப்பு இனித்தான். வழக்கமாக நன்றி என்பது படத்தின் கடைசியில் ஓடும் பெயர்ப் பட்டியலோடு போய்விடும். யார் சொல்லி எந்த வரி மாறியது என்று அதில் எழுத முடியாது. இந்தத் திட்டத்தில் மாறாத பக்கம் ஒன்றுகூட இல்லை, மாற்றியவர்கள் நீங்கள். அதனால்தான் இந்த மடல் இப்போதே வருகிறது. பெயர் போடுவதை உங்களில் பலர் விரும்பாததால் செய்த உதவியை வைத்தே உங்களை அழைக்கிறோம்.

முதல் நன்றி கால்நடை வைத்தியர் ஐயாவுக்கு. "மான் பிளாஸ்டிக்கை இரை என்று நினைத்துத் தின்னுகிறது" என்பதுதான் முதல் வரைவின் தொடக்க வரி. அது சரியல்ல என்று விளக்கி அவர் வெட்டிவிட்டார். மானுக்கு வேண்டியது பொலித்தீன் தாளில் ஒட்டியிருக்கும் உப்பும் எண்ணெயும் சோறும்தான். நக்கத் தொடங்கும், ஓரம் வாய்க்குள் மடியும், பிறகு முழுத் தாளும் உள்ளே போய்விடும். அசைபோடும் விலங்கின் முதல் இரைப்பையில் இலையும் புல்லும் நொதித்துக் கரைந்தால்தான் அடுத்த அறைக்குப் போகும். பொலித்தீன் கரையாது. அங்கேயே தங்கி, நூலோடும் கயிற்றுத் துண்டோடும் திரண்டு பந்தாகிவிடும். இடம் அடைபட்டதால் பசி எடுக்காது. வயிறு பருத்திருக்க முதுகெலும்பு தெரிய மெலிந்து போகும். இந்த விளக்கத்துக்காகப் படத்தில் 50 வினாடி ஒதுக்கியிருக்கிறோம். செத்த மானின் வயிற்றைக் காட்ட வேண்டாம், ஒரு வாளித் தண்ணீரில் இலையையும் சோறு பொதியும் பொலித்தீன் தாளான லஞ்ச் சீற்றையும் ஊறப்போட்டு மூன்றாம் நாள் எடுத்துக் காட்டுங்கள் என்று சொன்னவரும் அவரே. அருவருப்பில் முகத்தைத் திருப்பும் பிள்ளையும் பார்த்து விளங்கிக்கொள்ளக்கூடிய காட்சி அது.

விடியப்புறம் குப்பை பிரிக்கும் அக்காமாருக்கு எவ்வளவு சொன்னாலும் தகும். மீந்த சோற்றைச் சொப்பிங் பையில் போட்டு இறுக்கி முடிச்சுப் போட்டு வாசலில் வைப்பதுதான் சுத்தம் என்று பெரும்பாலான வீடுகளில் நினைக்கிறார்கள். முடிச்சை மானால் அவிழ்க்க முடியாது. வாசம் மட்டும் வெளியே வரும். ஆகவே பையோடு சேர்த்துக் கடிக்கும். திறந்த பையிலிருந்து சோற்றை மட்டும் தின்றிருக்கக்கூடிய மான், முடிச்சினால் பையையும் விழுங்குகிறது. இதை ஒருவர் வாயால் சொல்லிக் கேட்பதைவிட, அந்த அக்காவின் கையைக் கிட்ட நின்று பார்க்க வேண்டும். முடிச்சை அவிழ்க்காமல் பையின் அடியைக் கத்தரிக்கோலால் கீறுகிறார், சோறு ஒரு வாளிக்குள் விழுகிறது, பையை உட்புறம் வெளியே வரப் புரட்டி இன்னொரு வாளித் தண்ணீரில் இரண்டு தரம் அலசி உரப்பைக்குள் போடுகிறார். ஒரு பைக்கு இருபது வினாடிகூட ஆவதில்லை. அலசாமல் போட்டால் உரப்பையே மணக்கும், அதையும் மான் கிழிக்கும். திட்டத்தின் நடுப்பகுதி முழுவதும் இப்போது இந்தக் கைகள்தான். முகம் வரக்கூடாது என்று கேட்டவர்களுக்கு வாக்குக் கொடுத்தபடி, கமரா முழங்கைக்கு மேல் எழும்பாது.

பிரித்த குப்பையின் நிறையைக் கணக்கிடும் முறையையும் அவர்களிடமே கற்றோம். தொங்கு தராசில் போடுமுன் பையைத் தலைகீழாக உதறி மண்ணைக் கொட்ட வேண்டும். கடற்கரைக் குப்பையில் ஈரமணல் ஒட்டியிருந்தால் நிறை பொய்யாகக் கூடிவிடும். உதறாத நிறையைப் படத்தில் எழுத்தாகப் போட்டால், பார்ப்பவர்களில் விபரம் தெரிந்தவர் ஒருவர் போதும், முழுப் படத்தின் நம்பிக்கையும் போய்விடும்.

துப்புரவுத் தொழிலாளர் அண்ணைமாரே, உங்களிடம் ஒரு மன்னிப்பும் கேட்க வேண்டும். முதல் வரைவில் நீங்கள் எங்குமே இல்லை. குப்பை ஏற்றும் உழவு இயந்திரப் பெட்டி எந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்கு வருகிறது, மழை நாளில் எது பிந்தும், சந்தைக் குப்பை எந்த நாளில் கூடும் என்று கடதாசியில் கீறித் தந்தீர்கள். அந்தக் கீறலை வைத்தே படப்பிடிப்பு அட்டவணை போட்டிருக்கிறோம். உங்கள் வேலைக்கு ஒரு சிக்கலும் வரக்கூடாது என்பதால், மேலதிகாரியின் எழுத்து அனுமதி கையில் கிடைக்கும்வரை உங்களில் எவரையும் எடுக்கமாட்டோம்.

சாப்பாட்டுக் கடை முதலாளிமாரில் மூன்று பேர் கதவைத் திறந்துவிட்டார்கள். லஞ்ச் சீற்றுக்கு 2017 செப்டெம்பரில் தடை வந்த பிறகும் சோற்றுப் பொதி நின்றுவிடவில்லை. தாள் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். எந்தத் தாளானாலும் குழம்பு பட்டால் மான் இழுக்கும் என்று எடுத்துச் சொன்னவர் அவர்களில் ஒருவர். கடைக்காரரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தும் கேள்விகள் நான்கு இருந்தன, நான்கையும் எடுத்துவிட்டோம். பதிலாக ஒரே ஒரு கேள்வி: "வாடிக்கையாளர் பெட்டி கொண்டுவந்தால் உங்களுக்கு என்ன சுகம், என்ன கரைச்சல்?" இதற்கு நேர்மையான பதில் வரும்.

அந்தக் கடைகளில் சத்தம் பெரிய பிரச்சினை. பிரிட்ஜ் இரைச்சல் கேட்கும்போது காதுக்குப் பழகிவிடும், பதிவில் பழகாது. அது ஓடும்போது ஒரு பேச்சும் நின்றபின் இன்னொரு பேச்சும் எடுத்து இரண்டையும் ஒட்டினால் வெட்டு அப்படியே காதில் அடிக்கும். ஆகவே நேர்காணல் முடியும்வரை நிறுத்திவைக்க வேண்டும். நிறுத்தியதை மறந்து போனால் முதலாளியின் மீனும் இறைச்சியும் பழுதாகும். அதற்காக வாகனத் திறப்பைப் பிரிட்ஜுக்குள் வைத்துவிடுவது என்று முடிவு. திறப்பு இல்லாமல் எவரும் வெளிக்கிட முடியாது. மின்விசிறியும் நிற்கும். பேசி முடிந்ததும் எல்லோரும் வாய் மூடி 30 வினாடி அந்த இடத்தின் வெறும் சத்தத்தையும் பதிய வேண்டும், வெட்டுகளை மூட அதுதான் உதவும். கோயில் மணி நேரத்தையும் பள்ளிவாசல் தொழுகை நேரத்தையும் அயலவர்கள் எழுதித் தந்தார்கள். அந்த நேரங்களில் நேர்காணல் வைக்கவில்லை.

திருக்கடலூர்க் கடற்றொழிலாளர் ஐயா ஒருவருக்குத் தனியாக நன்றி. டச்பே கடற்கரையில் பேசுபவருக்குப் பின்னால் கடல் தெரியவேண்டும் என்று வரைந்திருந்தோம். அவர் மணலில் நின்று பார்த்துவிட்டுத் திருப்பி இருத்தினார். காலையில் வெளிச்சம் கடல் பக்கத்திலிருந்து வருகிறது. கடலைப் பின்னுக்கு வைத்தால் முகம் கறுத்துவிடும். கச்சான் எனும் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் காற்று தரையிலிருந்து கடலுக்கு வீசும். ஆள் தரையைப் பார்த்து இருந்தால் சட்டையில் குத்திய மைக்குக்குள் நேரே அடிக்கும். கடலைப் பார்த்து இருந்தால் முகத்துக்கு வெளிச்சம், முதுகுக்குக் காற்று, நெஞ்சில் இருக்கும் மைக்குக்கு உடம்பே மறைப்பு. பின்னணியில் இழுத்து வைத்த வள்ளங்களும் ஊரும் தெரியும். வெயில் கண்ணைக் கூசவைக்காமல் ஆளை அரைப்பக்கம் திருப்பினால் போதும். மைக்குக்கு மயிர்ப்போர்வை போட்டாலும் இருப்பு பிழைத்தால் பலனில்லை. கமராவின் விலையைக் கூட்டித் தீர்க்கமுடியாத இரண்டு பிரச்சினையை ஒரு கதிரையைத் திருப்பித் தீர்த்துவைத்தீர்கள், ஐயா.

மானை எடுப்பது பற்றிய கண்டிப்பு எல்லா இளம் தொண்டர்களும் சேர்ந்து வைத்தது. பாணோ பழமோ போட்டு அழைக்கக்கூடாது. குப்பையைக் கொண்டுபோய்க் கொட்டி அது தின்பதை எடுக்கவே கூடாது. தீன் போடாதீர்கள் என்று சொல்லும் படத்தைத் தீன் போட்டு எடுப்பது பொய். குறைந்தது 15 மீற்றர் தள்ளி நின்று, முக்காலியில் வைத்து, வருவதை மட்டும் எடுப்போம். காது பின்னுக்கு மடிந்தாலோ முன்காலைத் தட்டினாலோ பின்வாங்கிவிடுவோம். குட்டியோடு நிற்கும் பெட்டைக்குக் கிட்டப் போவதில்லை. படப்பிடிப்பு நடக்கும் மூன்று விடியலிலும் ஒரு மானும் வராவிட்டால் வெறும் தெருவையும் கிழிந்த பையையும் காட்டுவோம்.

பிரெட்ரிக் கோட்டைக்குள் நிற்கும் மான்களை எடுக்க வேண்டுமென்றால் அங்கே இராணுவ முகாமும் இருப்பதால் அனுமதி இல்லாமல் முக்காலி விரிக்க முடியாது. கடிதம் எழுத உதவிய ஓய்வுபெற்ற எழுதுவினைஞர் அம்மா, "ஆவணப்படம்" என்று ஒரு சொல்லோடு நிறுத்தினால் எவரும் கையொப்பம் வைக்கமாட்டார் என்று சொல்லி விபரங்களை நிரப்பினார்: திகதி, தொடங்கும் முடியும் நேரம், வருபவர்களின் பெயரும் அடையாள அட்டை இலக்கமும், கமராவின் தொடர் இலக்கம், கமரா எந்தத் திசையைப் பார்க்கும், எந்தத் திசையைப் பார்க்காது. கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியை மறிக்கமாட்டோம் என்ற வரியும் உண்டு. பதிலுக்கு மூன்று கிழமை விட்டிருக்கிறோம். ட்ரோன் எண்ணத்தைக் கைவிட்டோம். சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் ஒப்புதல் வேண்டும். கடற்படைத் தளமும் சீனக்குடா விமான நிலையமும் இருக்கும் ஊரில் அது இலேசாகக் கிடைக்கிற காரியமல்ல. ஒரு மாடி வீட்டுக்காரர் தன் மொட்டைமாடியைத் தந்திருக்கிறார். அங்கிருந்து தெரு முழுவதும் தெரிகிறது.

கமரா தந்துதவிய கலியாண வீட்டுப் படப்பிடிப்பாளர் தம்பிக்கும் நன்றி. இங்கே மின்சாரம் 50 ஹேட்ஸ் என்பதால் வினாடிக்கு 25 சட்டகம், ஷட்டர் வினாடியில் 50இல் ஒன்று என்று வைத்தால் கடைகளின் டியூப் லைட் துடிக்காது. 30க்கும் 60இல் ஒன்றுக்கும் மாற்றினால் படத்தில் கறுப்புப் பட்டை ஓடும். அவருடைய கமராவில் 4கே பதிவு வினாடிக்கு 100 மெகாபிட். ஒரு மணித்தியாலத்துக்கு 45 ஜிகாபைட் போகும். ஆறு மணித்தியாலம் எடுத்தால் 270. ஆகவே தலா 500 ஜிகாபைட்டில் இரண்டு ஹார்ட் டிஸ்க், இரண்டும் வெவ்வேறு வீட்டில். இரண்டிலும் ஏற்றித் திறந்து பார்க்கும்வரை மெமரி கார்டை அழிக்கக்கூடாது.

படத்தின் அடியில் வரும் மூன்று மொழி எழுத்துக்கு உதவியவர்கள் மாணவர்கள். தமிழ் எழுத்தைப் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்துத் தந்தபோது எடிட்டிங்கில் ஆங்கில எழுத்துக் குழம்பாக விழுந்தது. எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றித் தந்தீர்கள். அதன்பிறகும் கொம்பும் கால்களும் இடம் மாறி நின்றன. மென்பொருளில் தெற்காசிய எழுத்து அமைப்பைத் தெரிந்தெடுத்த பிறகே "கொ" கொவாக வந்தது. சிங்கள வரிகளை எழுதிய நங்கி, சொல்லுக்குச் சொல் போடாமல் எங்கள் ஊர்ப் பேச்சின் மெல்லிய தொனியையும் கொண்டுவந்திருக்கிறார். இரண்டு வரிக்கு மேல் ஏறாமல், நிரம்பிய இரண்டு வரிக்கு ஆறு வினாடி நிற்கும்படி வெட்டியிருக்கிறீர்கள். எங்கள் பின்னணிக் குரலையும் உரக்க வாசித்து நேரம் பிடித்தீர்கள்: ஆறுதலாக வாசித்தால் நிமிடத்துக்கு 90 சொல்தான். 1100 சொல் எழுதி வைத்திருந்தோம், 400க்கு இறக்கியாயிற்று. மிச்ச நேரம் ஊரவர் குரலுக்கு.

சம்மதப் படிவத்தை எழுதித் தந்த ஆசிரியை அக்கா மூன்று விடயத்தைத் தெளிவாகக் கேட்கச் சொன்னார்: படம் எங்கெங்கே காட்டப்படும், பெயர் வரலாமா, எந்த நாள்வரை மனம் மாறி விலகலாம். கையொப்பத்தோடு நின்றுவிடாமல் கமராவின் முன்னாலும் வாயால் சொல்லவைப்போம். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் பெற்றோரின் எழுத்துச் சம்மதம். விலகலாம் என்ற நாள் இறுதி வெட்டுக்குப் பத்து நாள் முந்தியதாக வைத்திருக்கிறோம். அதுவரை ஒருவரும் காரணம் சொல்லத் தேவையில்லை.

பேசுவதற்கு எவருக்கும் பணம் கொடுப்பதில்லை என்பதில் உறுதியாக இருக்கிறோம். காசு வாங்கிச் சொன்னார் என்ற பெயர் அவர்களுக்கு வரக்கூடாது. ஓட்டோச் செலவும் தேத்தண்ணியும் எங்கள் பொறுப்பு. மூன்று விடியலுக்கும் ஓட்டோ ஓட முன்வந்த அண்ணை எண்ணெய்க் காசு மட்டும் போதும் என்றிருக்கிறார். நன்றி அண்ணை, காலை நாலேமுக்காலுக்கு வாசலில் நிற்போம்.

கடைசியாக, ஒன்பது பேருக்கு மூன்று நாள் சமைக்கப் பொறுப்பேற்ற மாமிக்கு. இடியப்பமும் சம்பலும் மூடியிறுகும் பெட்டிகளில் வரும், ஒரு தாளும் கிடையாது என்று நீங்களே முதலில் சொல்லிவிட்டீர்கள். உங்கள் விறாந்தையில் படலையைச் சாத்திவிட்டுத்தான் சாப்பிடுவோம். பெட்டிகளை நாங்களே கழுவித் தருகிறோம், மாமி. கழுவிய தண்ணீரில் மிதக்கும் தேங்காய்ப்பூவை வடித்து மூடிபோட்ட வாளியில் போடுவதுவரை எங்கள் வேலைப் பட்டியலில் இருக்கிறது.

அன்புடன்,
மான் ஆவணப்படக் குழுவினர்
திருகோணமலை