‘கில் பில்’லோடு முடிந்துவிடவில்லை சானி சிபா

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். ஜப்பானிய நடிகர் சானி சிபா பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அமெரிக்கப் படமான ‘கில் பில்’லில் வாள் செய்து கொடுப்பவர், ‘ஜப்பானின் புரூஸ் லீ’, 2021 ஆகஸ்டில் கொரோனாவால் 82 வயதில் மரணம். எல்லாம் சரி. ஆனால் அவர் செய்த பெரிய வேலையைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே!

அந்த புரூஸ் லீ பட்டமே எனக்கு உவப்பில்லை. லீயின் ‘தி பிக் பாஸ்’ வந்தது 1971-ல். சிபா 1961-லேயே டோயி நிறுவனப் படத்தில் கதாநாயகன். ஜிம்னாஸ்டிக்ஸில் ஒலிம்பிக் போக ஆசைப்பட்டு, முதுகில் அடிபட்டதால் சினிமாவுக்கு வந்தவர் அவர். கியோகுஷின் கராத்தேயைத் தொடங்கிய மசுதாட்சு ஓயாமாவிடமே பயின்று 1965-ல் கறுப்புப் பட்டை வாங்கினார். 1974-ல் வந்த ‘தி ஸ்ட்ரீட் ஃபைட்டர்’ படத்தில் சண்டைக்கு நடுவே அடிவயிற்றிலிருந்து உறுமிக்கொண்டே மூச்சு விடுவாரே, பலர் அதை மிகைநடிப்பு என்று சிரிப்பார்கள். கியோகுஷின் பயிற்சிக்கூடத்தில் சொல்லித்தரும் மூச்சுப் பயிற்சி அது. (அதே படத்தில் மண்டையில் ஒரு குத்து விழுந்ததும் திரை எக்ஸ்ரேயாக மாறி எலும்பு நொறுங்குவதைக் காட்டும். அமெரிக்காவில் வன்முறைக்காகவே, பெரியவர்களுக்கு மட்டும் என்ற ‘எக்ஸ்’ சான்றிதழ் கொடுத்ததில் வியப்பில்லை.)

நான் சொல்ல வந்தது 1970-ல் அவர் தொடங்கிய ‘ஜப்பான் ஆக்‌ஷன் கிளப்’ பற்றி. சண்டைக் கலைஞர்களையும், டூப் போடாமல் தாங்களே குதிக்கவும் விழவும் தெரிந்த நடிகர்களையும் உருவாக்கிய பயிற்சிப் பள்ளி அது. ‘ஷோகன்’ தொடருக்காக 2024-ல் எம்மி விருது வாங்கிய ஹிரோயுகி சனாடா, சிறுவனாகச் சேர்ந்து தேறியது அங்கேதான். ‘பவர் ரேஞ்சர்ஸ்’ பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கும் இதில் பங்கு உண்டு. 1993-ல் தொடங்கிய அந்த அமெரிக்கத் தொடரின் சண்டைக் காட்சிகளில் பெரும்பகுதி ஒரு ஜப்பானியத் தொடரிலிருந்து எடுத்தது. அதில் முகமூடிக்குள் இருந்து உதைத்தவர்கள் இந்த கிளப்பின் ஆட்கள். அதை யார் கவனித்தார்கள்?

இன்னொரு மாணவி எட்சுகோ ஷிஹோமி. எழுபதுகளிலேயே டோயியின் கராத்தே படங்களில் தனி நாயகியாக நடித்தவர், 1987-ல் திருமணத்தோடு நடிப்பை விட்டுவிட்டார். நம் பத்திரிகைகளில் அவரைப் பற்றி நான் எதுவும் படித்ததில்லை. அடுத்த இதழ்களில் ஷிஹோமிக்கு ஒரு பக்கமாவது ஒதுக்குங்களேன். அப்புறம், படம் போடும்போது ‘கில் பில்’ ஸ்டில் வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருச்சி