"எல்லாத்தோடையும் இணைக்கலாம் சேர்"

வன்னியிலுள்ள கூட்டுறவுச் சங்கங்களின் இயக்குநர் சபைகளுக்கும் தொண்டு நிறுவனங்களின் நிர்வாகத்தினருக்கும்,

வணக்கம். நான் கிளிநொச்சியில் இருந்து சிறிய நிறுவனங்கள் சிலவற்றுக்குச் சம்பளப் பட்டியல் செய்து கொடுப்பவன். உங்களில் பலர் ஊழியர்களின் வரவு, லீவு, சம்பளம் எல்லாம் பார்க்கும் ஆளணி முகாமைத்துவ மென்பொருள் வாங்கப் போவதாக அறிகிறேன். சில இடங்களில் விலைக்கோரலும் போய்விட்டது. நல்ல விடயம். ஆனால் விற்க வருகிறவர்கள் ஒரு படம் காட்டுவார்கள். நடுவில் அவர்களின் மென்பொருள், சுற்றிவர வங்கி, கைரேகை இயந்திரம், வாட்ஸ்அப், நாட்காட்டி, எல்லாவற்றுக்கும் அம்புக்குறி. "எல்லாத்தோடையும் இணைக்கலாம் சேர்" என்பார்கள். சபையில் தலைகள் ஆடும், அடுத்த பேச்சு விலையைப் பற்றித்தான். அந்த அம்புக்குறிகளைப் பற்றி யாரும் கேட்பதில்லை. கேளுங்கள் என்று சொல்லத்தான் இந்த மடல்.

ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்குத் தகவல் போவதற்கு உள்ள வழிகள் கொஞ்சம்தான். கோப்பாக இறக்கி மற்றதில் ஏற்றலாம். ஏபிஐ வழியாக ஒன்று மற்றதிடம் நேரே கேட்டு வாங்கலாம். ஏதாவது நடந்தவுடன் தானாகவே செய்தி அனுப்பும் வெப்ஹுக் வைக்கலாம். ஸேப்பியர், மேக் மாதிரி ஒரு இடைச் சேவையை நடுவில் நிறுத்தலாம். மற்ற மென்பொருளின் தரவுத்தளத்துக்குள் நேரே கையை விடுகிறவர்களும் இருக்கிறார்கள். இந்தக் கடைசி வழியை யார் சொன்னாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அடுத்த பதிப்பில் உள்ளமைப்பு மாறினால் எல்லாம் நின்றுவிடும். "அது எங்கட பொறுப்பில்லை" என்பார்கள் மென்பொருள்காரர். அவர்கள் சொல்வதும் சரிதான்.

மிச்சத்தில் எது நல்லது என்று பொத்தாம்பொதுவாகச் சொல்ல முடியாது. அந்தத் தகவல் எவ்வளவு பிந்தலாம், பிழைத்தால் யார் கண்ணில் படும், அதைத் திருத்தக்கூடிய ஆள் எங்கே இருக்கிறார் என்று ஒவ்வொரு அம்புக்குறிக்கும் கேட்டால், வழி தானாகத் தெரியும்.

வங்கியை எடுங்கள். சம்பளம் மாதத்தில் ஒரு தடவை. அறுபது, எழுபது பேருக்காக வங்கியோடு நேரடி ஏபிஐ எதற்கு? கோப்பே போதும். சொல்லப்போனால் கோப்புத்தான் நல்லது. அதை ஏற்றுவதற்கு முன் இரண்டாவது கையொப்பக்காரர் மொத்தத் தொகையைப் பார்க்கிறார். அந்தத் தரிப்பு நமக்குத் தேவை. ஒரே ஒரு நிபந்தனை: வங்கி கேட்கும் வடிவத்திலேயே மென்பொருள் கோப்பை ஆக்கித் தரவேண்டும், இடையில் யாரும் எக்ஸெலில் திறந்து "கொஞ்சம் வடிவாக்க" வேண்டிய தேவை வரக்கூடாது. வங்கிக் குறியீடு 4 இலக்கம், கிளைக் குறியீடு 3 இலக்கம். 014 என்ற கிளை எக்ஸெலில் திறந்து சேமித்த பிறகு வெறும் 14 ஆகிவிடும். நீளமான கணக்கு இலக்கம் 15 இலக்கங்களைத் தாண்டினால் வால் பகுதி பூச்சியமாகிவிடும். சம்பளம் திரும்பி வந்த பிறகுதான் அது தெரியவரும், அதுவும் பெரும்பாலும் பெருநாளுக்கு முதல் கிழமையில்.

ஊழியர் சேமலாப நிதி வேறு விதம். தொழிலாளியிடம் 8 சதவீதம், நிறுவனத்திடம் 12, ஊழியர் நம்பிக்கை நிதிக்கு நிறுவனத்திடம் இன்னொரு 3. இந்தக் கணக்கு எந்த மென்பொருளுக்கும் வரும். அடுத்த மாத முடிவுக்குள் கட்டவேண்டும். பிந்தினால் சேமலாப நிதிக்கு மேலதிகக் கட்டணம் 5 சதவீதத்தில் தொடங்கி, ஓராண்டு தாண்டினால் 50 வரை போகும். இங்கே பயப்பட வேண்டியது ஆளை மாறிப் பதிவதற்குத்தான். பிந்திக் கட்டினால் கடிதம் வந்து தெரிந்துவிடும். ஒருவரின் காசு இன்னொருவர் பேரில் விழுந்தால், அவர் பணம் எடுக்கப் போகும் நாள்வரை ஒருவருக்கும் தெரியாமலே இருக்கலாம். பெண்களுக்கு அது 50 வயதில், ஆண்களுக்கு 55இல்.

நம்முடைய இடத்தில் இந்தப் பிழைக்கு வாய்ப்பு அதிகம். 2009இல், போரின் முடிவில், எத்தனை குடும்பங்கள் ஒரு பையோடும் அதுவும் இல்லாமலும் வெளியேறின என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பிறகு எடுத்த ஆவணங்களில் பெயர் ஒரே மாதிரி இல்லை. தகப்பன் பெயர் ஓரிடத்தில் முதலெழுத்தாக இருக்கும், ஓரிடத்தில் முழுதாக இருக்கும். ஆங்கிலத்தில் எழுதும்போது "த"வுக்கு ஒருவர் எச் போட்டிருப்பார், இன்னொருவர் விட்டிருப்பார். ஆகவே இரண்டு மென்பொருள்கள் பெயரை வைத்து ஆளை அடையாளம் காணும் இணைப்பு வன்னிக்குச் சரிவராது. அடையாள அட்டை இலக்கத்தை வைக்கலாம் என்பார்கள். பழைய அட்டை 9 இலக்கமும் ஓர் ஆங்கில எழுத்தும். 2016இலிருந்து வருவது 12 இலக்கம். ஒரே ஆள், இரண்டு இலக்கம். பழையதன் முன்னால் 19 சேர்த்து, ஆண்டின் எத்தனையாவது நாளில் பிறந்தார் என்பதைக் குறிக்கும் மூன்று இலக்கத்துக்குப் பின் ஒரு பூச்சியத்தைச் செருகி, எழுத்தை விட்டுவிட்டால் புதியது வந்துவிடும். பெண் என்றால் அந்த நாள் எண்ணில் 500 கூட்டியிருக்கும். இதைத் தெரிந்த மென்பொருள், ஆண் பெண் மாறி விழுந்த பதிவைத் தானே பிடிக்கும். உங்களுக்கு விற்க வருபவரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள், முகத்தைப் பார்த்தே விளங்கிவிடும். ஆனால் எல்லாவற்றுக்கும் அடியில் நிறுவனமே கொடுக்கும் ஊழியர் இலக்கம் ஒன்று இருக்கவேண்டும். ஆள் நெல் ஆலையிலிருந்து எரிபொருள் நிலையத்துக்கு மாறினாலும் அது மாறக்கூடாது. மென்பொருள் தானாகப் போடும் இலக்கத்தை நம்பியிருந்தால், மென்பொருளை மாற்றும் அன்று எல்லா இணைப்பும் அறுந்துவிடும்.

தானியங்கி இணைப்பு உண்மையாகவே தேவைப்படுவது கைரேகை இயந்திரத்துக்கு. அதைப் பென் ட்ரைவில் கொண்டு திரிவது வேலையல்ல. ஆனால் கரண்ட் போகும், சிக்னல் போகும். இயந்திரம் தனக்குள் சேர்த்து வைத்துப் பிறகு அனுப்பும். அனுப்பியதையே திரும்பவும் அனுப்பும். ஒரே பதிவு இரண்டு தடவை வந்தால் ஒன்றாக எடுக்கத் தெரியாத மென்பொருள், வந்தவரையே போனவராக்கிவிடும். நேரமும் கவனம். வெளிநாட்டுச் சேவையகம் உலகப் பொது நேரத்தில் பதிந்துவிட்டு நம் நேரத்துக்கு மாற்றாமல் விட்டால், காலை 5 மணிக்கு எரிபொருள் நிலையத்தில் விரல் வைத்தவர் முதல் நாள் இரவு 11.30க்கு வந்தவராகிவிடுவார். அன்றைக்கு அவருக்கு லீவு விழும்.

இதைப் பரிசோதிக்கப் பெரிய படிப்பு வேண்டாம். விற்க வருபவர்கள் செய்து காட்டும் போது இணைய வயரைக் கழற்றிவிட்டு இரண்டு பேரை விரல் வைக்கச் சொல்லுங்கள். பிறகு வயரைப் போட்டுவிட்டு, திரையில் என்ன வருகிறது என்று விற்பவர்களுக்குப் பக்கத்திலேயே இருந்து பாருங்கள். ஆலையில் மூட்டை தூக்குகிறவரையும் கூப்பிடுங்கள். தேய்ந்த விரலை இயந்திரம் எடுக்காது. அப்போது கையால் பதிய வழி உண்டா, அப்படிப் பதிந்தது யார் என்று பின்னால் தெரியுமா என்பதும் அப்போதே வெளிவரும். முகமாலைப் பக்கம் கண்ணிவெடி அகற்றப் போகிறவர்களுக்கு இயந்திரமே இல்லை, குழுத்தலைவரின் தாள்தான். அந்தத் தாளுக்கும் மென்பொருளில் ஒரு வாசல் வேண்டும்.

இடைச் சேவைகளைப் பற்றிச் சுருக்கமாக. லீவு அனுமதித்ததும் செய்தி அனுப்புவது போன்ற சின்ன வேலைக்கு அவை நல்லவை. ஆனால் கட்டணம் டொலரில், மாதா மாதம். 2022இல் 200 ரூபாவாக இருந்த டொலர் சில மாதத்துக்குள் 350ஐத் தாண்டியதை மறந்திருக்க மாட்டீர்கள். என்8என் போன்ற இடைச் சேவை மென்பொருளை நம் கணினியிலேயே நிறுவலாம், அதைப் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தால். சம்பளத் தொகையையும் வங்கிக் கணக்கையும் அந்த வழியாக விடவேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

தகவல் எங்கே போகிறது என்பதை நான் சும்மா சொல்லவில்லை. பதிவு பதிவு என்று எத்தனையோ வரிசைகளில் நின்ற சனம் இது. விரலடையாளம் கேட்டால் ஏன், எதற்கு, யாரிடம் போகும் என்று கேட்பார்கள். கேட்க உரிமையும் உண்டு. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஆளை அடையாளம் காட்டும் இப்படியான உடல்சார் தரவுகளை விசேட வகைக்குள் வைத்திருக்கிறது. வெளிச் சேவைக்கு எந்தெந்த விவரம் போகிறது என்று தமிழில் ஒரு பக்கம் எழுதி, ஊழியரிடம் கையொப்பம் வாங்குவதற்கு முன் வாசித்துக் காட்டுங்கள்.

விலைக்கோரல் இன்னும் போகாத இடங்களில் இதையும் சேருங்கள். ஏபிஐ சாவிகளும் (மென்பொருள்கள் ஒன்றையொன்று உள்ளே விடப் பயன்படுத்தும் இரகசியக் குறியீடுகள்) கடவுச்சொற்களும் நிறுவனத்தின் மின்னஞ்சலில் இருக்கவேண்டும், கணினி தெரிந்த தம்பியின் சொந்த ஜிமெயிலில் அல்ல. அவர் வெளிநாடு போனால் சம்பளமும் கூடவே போய்விடும். முழுத் தரவையும் எப்போது கேட்டாலும் திறக்கக்கூடிய கோப்பாகத் தரவேண்டும், ஒப்பந்தம் முடிந்த பிறகும். ஒவ்வொரு இணைப்பும் நின்றால் யாருக்கு எஸ்எம்எஸ் போகும் என்று பெயர் குறித்து எழுதவேண்டும். விலைக்கோரல் ஏற்கெனவே போய்விட்ட இடங்களில், கையொப்பம் வைக்கும் முன் இந்த மூன்றையும் கடிதத்தில் கேட்டு, பதிலை ஒப்பந்தத்தோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள். ஏதாவது சபை இதற்கென்று கூட்டம் வைத்தால் சொல்லி அனுப்புங்கள், நானும் வருகிறேன்.

இப்படிக்கு,
கிளிநொச்சியிலிருந்து ஒரு சம்பளப் பட்டியல்காரன்