அந்த அடுக்களை அத்தியாயத்தை வெட்டச் சொல்லாதீர்கள்

சரித்திர நாவல்களைத் தேர்ந்தெடுத்துப் பதிப்பிக்கும் நண்பர்களுக்கு,

வணக்கம். நான்கு வருடம் உட்கார்ந்து எழுதிய என் நாவல் போன மாதம் திரும்பி வந்தது. எந்தப் பதிப்பகம் என்பது இங்கே தேவையில்லை, திருப்பி அனுப்பியதில் எனக்குக் கோபமும் இல்லை. கூடவே வந்த குறிப்புதான் மனதை அறுத்துக்கொண்டே இருக்கிறது. சோழர் இருவர் மோதிக்கொள்ளும் கதை என்கிறீர்கள், ஆனால் போர்க்களம் ஒரே ஒரு இடத்தில்தான் வருகிறது, மற்றதெல்லாம் கிணறு, துணி, சமையல்; அடுக்களை அத்தியாயத்தை எடுத்துவிட்டு அரண்மனைக் காட்சி இரண்டு சேருங்கள் என்று எழுதியிருந்தார்கள்.

அந்த அத்தியாயம் என் கற்பனையில் முளைத்ததில்லை. புறநானூற்று 44ஆம் பாட்டிலிருந்து வந்தது. சோழன் நலங்கிள்ளி ஆவூர்க் கோட்டையை முற்றுகையிட்டிருக்கிறான், உள்ளே இன்னொரு சோழன் நெடுங்கிள்ளி கதவை அடைத்துக்கொண்டு இருக்கிறான். புலவர் கோவூர் கிழார் நெடுங்கிள்ளியிடம் போய்ப் பேசுகிறார். என்ன சொல்கிறார் பாருங்கள்: யானைகள் குளத்தில் இறங்கவில்லை, நெல் கவளமும் நெய் கலந்த உணவும் கிடைக்காமல் தும்பிக்கை தரையில் புரள இடிபோல் பிளிறுகின்றன, பால் இல்லாமல் குழந்தைகள் அலறுகின்றன, பெண்கள் பூ இல்லாத வெறுந்தலையை முடிந்துகொள்கிறார்கள், நல்ல நல்ல வீடுகளில் தண்ணீர் இல்லை என்று அழுகிறார்கள். இதையெல்லாம் கேட்டுக்கொண்டு உள்ளே இருப்பது உனக்குத் தகாது, அறம் என்றால் கதவைத் திற, மறம் என்றால் வெளியே வந்து போரிடு என்கிறார். ஒரு முற்றுகை ஊருக்குள் என்ன செய்யும் என்பதற்கு யானைத் தீனி, பால், பூ, தண்ணீர் என்று நான்கே பொருட்களை எடுத்து வைத்தார் அந்த மனிதர். நான் செய்ததெல்லாம் அந்த நான்கையும் ஒரே வீட்டுக்குள் கொண்டுவந்ததுதான்.

புறநானூறு என்றதும் நம் எல்லோருக்கும் வீரத்தாய் ஞாபகத்துக்கு வருகிறாள். பள்ளியில் அப்படித்தான் படித்தோம். ஒக்கூர் மாசாத்தியாரின் 279ஆம் பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள், முந்தைய போரில் அவள் தமையன் விழுந்துவிட்டான் (தந்தை என்றும் உரை சொல்வார்கள்), நேற்று கணவன், இன்று மறுபடியும் பறை கேட்கிறது, இருக்கும் ஒரே மகனையும் அனுப்புகிறாள். சரி, வீரம்தான், மறுக்கவில்லை. ஆனால் பாட்டு 'கெடுக சிந்தை', இவள் சிந்தை கெடட்டும் என்று தொடங்குகிறது. பறை கேட்டதும் அவள் 'விருப்புற்று மயங்கி' என்றும் வருகிறது. மனம் தடுமாறி என்று பொருள்படும் அந்த மயங்கி என்ற சொல்லை நாம் ஏன் இவ்வளவு வேகமாகத் தாண்டிப் போகிறோம்? அப்புறம் அவள் செய்கிற காரியங்கள்: கையில் வேலைக் கொடுக்கிறாள், வெள்ளைத் துணியை விரித்து உடுத்திவிடுகிறாள், கலைந்து கிடக்கும் குடுமிக்கு எண்ணெய் தடவிவிடுகிறாள். எண்ணெய் தடவித் தலைவாரி வெளியே அனுப்புகிற வயதுப் பையன். இந்த எண்ணெயை எழுதத்தான் எனக்கு ஏழு மாதம் ஆயிற்று. எந்த வித்தின் எண்ணெய், எதில் ஆட்டினார்கள், எந்தக் கலத்தில் வைத்திருப்பாள், அவள் கை நடுங்கியதா என்று தேடித்தேடி எழுதி, பாதியை நானே அடித்தேன்.

போர் முடிந்த பிறகும் புறநானூறு வீட்டைவிட்டு நகர்வதில்லை. 281இல் காயம்பட்டவன் வீட்டில் கிடக்கிறான். இரவமரத் தழையும் வேப்பந்தழையும் வீட்டில் செருகி, யாழும் மற்ற வாத்தியங்களும் ஒலிக்க, வெண்சிறுகடுகு தூவி, ஆம்பல் குழல் ஊதி, மணி அடித்து, காஞ்சிப் பண் பாடி, நறும்புகை போட்டு அவன் புண்ணைக் காப்போம் வா என்று தோழியைக் கூப்பிடுகிறாள் ஒருத்தி. ஒரு நோயாளியின் அறை எப்படி மணந்தது, எப்படிச் சத்தம் போட்டது என்பது முழுசாக இருக்கிறது, நாவலாசிரியனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? 248இல் கணவனை இழந்தவள் வெள்ளாம்பலைப் பார்த்து இரங்குகிறாள். இளமையில் அது அவளுக்குத் தழையாடை. இப்போது உண்ணும் வேளை தவறி உண்கிற வெறும் அல்லி அரிசி. ஒரே பூவில் இரண்டு வாழ்க்கையும் இருக்கிறது.

ஆராய்ச்சி என்றால் தேதியும் பட்டப்பெயரும் சரிபார்ப்பது என்று பலர் நினைக்கிறார்கள். அதுவும் வேண்டும். ஆனால் அடுப்படியில் தவறினால் உலகமே சாய்ந்துவிடும். போர்த்துக்கீசியர் வந்த பிறகு நம் மண்ணுக்கு வந்த மிளகாயைச் சங்க கால அம்மியில் அரைக்கிற நாவல்கள் நம்மிடம் உண்டு. அன்று காரம் என்றால் மிளகு, அதற்குப் பெயர் கறி. இந்த ஒரு சொல் தெரிந்தால் அந்தச் சமையலறையின் வாசனையே மாறிவிடுகிறது.

2006இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் தமிழ் பிராமி எழுத்தோடு நடுகற்கள் கிடைத்தன. அதில் ஒன்று, கூடலூரில் ஆநிரை கவர்ந்த பூசலில் இறந்த தீயன் அந்தவன் என்பவனுக்கு வைத்தது. ஆநிரை கவர்வதை ஆகோள் என்று தொல்காப்பியம் சொல்கிற அதே சொல் அந்தக் கல்லிலும் இருக்கிறது. அவன் மன்னன் இல்லை, அவனுக்கு அரண்மனை இல்லை. மாடு போன வீடு ஒன்று இருந்திருக்கும், அவன் திரும்பாத வீடு ஒன்று இருந்திருக்கும்.

உங்களிடம் கேட்பது இதுதான். அடுத்த முறை கிணற்றடியும் அடுப்படியும் நிறைந்த கைப்பிரதி ஒன்று மேசைக்கு வந்தால், போர் எங்கே என்று கேட்பதற்கு முன்னால் 44ஆம் பாட்டை ஒரு தரம் படித்துவிடுங்கள். என் நாவலை அடுத்த மாதம் வேறொரு இடத்துக்கு அனுப்புகிறேன். அடுக்களை அத்தியாயம் அப்படியே இருக்கும்.

அன்புடன்,
ஒரு நாவலாசிரியன்